காவல் நிலைய சிசிடிவி: கேமரா சரி, டிவிஆர் யார் கையில்?

காவல் நிலைய சிசிடிவியைப் பொருளாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் விதித்தது தெளிவானது: இருட்டிலும் படம் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும். வாசல், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளியே, பின்பக்கம் என எதுவும் விடுபடக் கூடாது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அப்படிக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

சிக்கல் டிவிஆரில், அதாவது காட்சிகளைப் பதிந்து வைக்கும் கருவியில், உள்ள ஹார்ட் டிஸ்கில். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலும் நாளுக்கு 10.8 ஜிபி ஆகிறது. 12 கேமராவுக்கு ஓராண்டுக்கு ஏறக்குறைய 47 டிபி வேண்டும். 1 டிபி டிஸ்க் போட்டால் எட்டாம் நாளே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கேமரா எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் டெண்டரில் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 'டிஸ்கில் இடம் போதவில்லை' என்ற சாக்கும் செல்லாது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவரின் அறிக்கைப்படி, டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவின் காட்சி இல்லை. கைதின்போது இருவரும் தரையில் உருண்டார்கள் என்ற எஃப்ஐஆர் கதைக்கு ஆப்பு வைத்தது அவர்கள் கடைப்பக்கம் இருந்த தனியார் கேமரா! நிலையத்துக்குள் நடந்ததைச் சொன்னது அன்று பணியிலிருந்த பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம்.

ஆகவே காவலில் மரணம் நடந்தால் காட்சியைப் பாதுகாக்கக் கோரி முதல் நாளே மனு கொடுங்கள். நிலைய அதிகாரி, எஸ்பி இருவருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேதி, நேரம், எந்தெந்த இடத்துக் கேமரா என்பதைக் குறிப்பிடுங்கள். 'சிசிடிவி காட்சி வேண்டும்' என்ற ஒற்றை வரி போதாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் பிரிவு 196-ன்படி விசாரிக்கும் நடுவரிடம் டிவிஆரையே கைப்பற்றும்படி கேளுங்கள். பென் டிரைவ் நகலில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. மாநில மனித உரிமை ஆணையமும் காட்சியை வரவழைத்துப் பாதுகாக்கலாம். பரம்வீர் சிங் தீர்ப்பே அதைச் சொல்கிறது.

'கேமரா பழுது' என்று பதில் வந்தால் விடாதீர்கள். பழுதானால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு உடனே தெரிவிப்பது நிலைய அதிகாரியின் கடமை. அந்தத் தேதியில் அனுப்பிய கடிதத்தின் நகலை ஆர்டிஐ-யில் கேளுங்கள்.

கைப்பற்றும்போது டிவிஆர் கடிகாரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று மகஜரில் (கைப்பற்றியதற்கான பதிவில்) எழுத வைக்க வேண்டும். நகல் எடுத்தால் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு), புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4) சான்றிதழும் சேர்ந்தே வர வேண்டும்.