கட்டையில் கட்டி விற்கும் ஆர்க்கிட்: 7,500 ரூபாய் போனது, நீங்களாவது உஷார்!

வயிறு எரிகிறது. செடிப் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் டெண்ட்ரோபியம் ஜென்கின்சி வாங்கினேன். அசாமிலிருந்து தாய்லாந்து வரை மரக்கிளைகளில் ஒட்டி வளரும் குட்டி ஆர்க்கிட். விரல்நுனி அளவுக் குமிழ் (பருத்த தண்டு), அதில் ஒற்றைத் தடித்த இலை. பூத்தால் செடியே தெரியாத பொன்மஞ்சள். ஏற்காட்டில் என் பசுமைக்குடிலில் இதற்கென்றே காற்றோட்டமான மூலையை ஒதுக்கி, புது நிழல்வலை கட்டி வைத்திருந்தேன்.

நான் கேட்காமலேயே விற்ற ஆள் சொன்னார்: "சார், குளிர்காலத்தில் தண்ணீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். குமிழ் சுருங்கினாலும் பயப்படாதீர்கள், அப்போதுதான் பூக்கும்." அது உண்மை. வளர்த்துப் பார்க்காதவர் வாயில் வராத பேச்சு. அங்கேதான் நம்பினேன். "எல்லாம் ஆய்வகத்தில் விதையிலிருந்து வந்தவை, கட்டையில் நன்றாக வேர் பிடித்தவை" என்றார். மூன்று கட்டைகளுக்கு 7,500 ரூபாய், முழுவதும் முன்பணம்.

பெட்டியைப் பிரித்தால், செடியைப் பிடித்திருந்தது வேர் இல்லை. தூண்டில் நரம்பும் பசையும். நரம்பை வெட்டியதும் செடி கையோடு வந்துவிட்டது. அடியில் கத்தியால் அறுத்த வேர்க்கட்டைகள். குமிழ்களுக்கு இடையே மரப்பட்டைத் துணுக்குகள். அழுத்தினால் பழுப்பு நீர் கசிகிறது, புளித்த வாடை. ஆய்வகச் செடியாம்! ஏதோ ஒரு காட்டு மரத்தில் பல வருடம் படர்ந்திருந்ததை உரித்து எடுத்திருக்கிறார்கள், பாவிகள்.

படம் அனுப்பினேன். "கூரியரில் வாடியிருக்கும் சார், பாசி சுற்றி வையுங்கள்." அழுகுகிறது என்றேன். "உங்கள் குடிலில் ஈரப்பதம் அதிகம்." பெட்டியிலேயே அழுகி வந்ததற்கு என் குடில் என்ன செய்யும்? பிறகு "பார்சல் கட்டிய தம்பியிடம் கேட்கிறேன்." இப்போது பதிலே இல்லை. குழு நிர்வாகியிடம் முறையிட்டால், "உங்கள் இருவருக்குள் நடந்தது, நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லி என் பதிவையும் நீக்கிவிட்டார். 7,500 ரூபாய்க்கு இதுதான் மரியாதை!

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. பச்சை வேர்நுனி கட்டையைப் பற்றியிருப்பது தெரியும்படி அன்றைக்கே எடுத்த வீடியோ கேளுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். நான் எடுத்து வைத்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் கொடுத்தாகிவிட்டது. 7,500 ரூபாய் திரும்பி வரும்வரை விடமாட்டேன்.