கிட் பெட்டியா, கித்தா பாலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் மன்றத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்தால், உடனே கிட் பெட்டி, அதாவது சோதனைப் பொருள்கள் அடுக்கிய பெட்டி, வாங்கத்தான் பேச்சு எழும்.

வாங்கலாம். மின்சுற்றுக்கு அதுதான் வசதி. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாம் அளவாக இருக்கும். ஆனால் ஐந்து பேருக்கு ஒரு பெட்டி என்றால் ஒருவன் செய்வான், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். விடையும் தாளில் அச்சாகி வந்துவிடுகிறது.

கித்தா பால், அதாவது ரப்பர் மரத்துப் பால், வேறு ரகம். இரண்டு மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) புதுப்பால் ஊற்றுங்கள். ஒன்றில் வினிகர், மற்றதில் ஆசிரியர் கையால் சில துளி நீர்த்த அம்மோனியா. முதலாவது கட்டியாகும், இரண்டாவது பாலாகவே நிற்கும். ஏன்? ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலத்தில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அதைச் சமன்செய்ததும் துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ஒட்டிக்கொள்கின்றன. இடைநிலைப்பள்ளியின் படிவம் 5 வேதியியல் பாடம் இது. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளையே கண்ணால் பார்த்துவிடலாம். (தோட்டத்தில் ஊற்றும் பார்மிக் அமிலம் பிள்ளைகள் கையில் வேண்டாம்.)

பாட்டி ஏன் விடியுமுன்னே பால் வெட்டப் போனார் என்ற கேள்வியும் தானே வரும். குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும்.

நாற்றம் உண்டு, மறுக்கவில்லை. தோட்டங்களில் ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தபின் பால்மரம் தேடுவதும் சிரமம். இருந்தாலும் என் ஓட்டு மங்குக்குத்தான். மின்சுற்றுக்கு மட்டும் ஒரு பெட்டி போதும்.