மீன்பெட்டிக்கு 5052-ஆ, 6061-ஆ? ஆக்கர் கடைத் தகட்டில் கற்றது

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன் எடுத்து மலையோரச் சந்தைகளுக்கு ஓட்டும் ஒருவர், லோடு ஆட்டோவுக்கு ஐஸ்பெட்டி கட்டித்தரச் சொல்லி என் பட்டறைக்கு வந்தார். இரும்பு வேண்டாம், அலுமினியம் போடு என்றார். புதுத் தகட்டின் விலையைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு பேருமாகக் களியக்காவிளைப் பக்கம் ஒரு ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய உலோகம் விற்கும் கடைக்குப் போனோம்.

ஏதோ கம்பெனி வேலையில் மிஞ்சிய தகடுகள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. எல்லாம் 2 மில்லி கனம். ஒன்றின்மேல் ‘5052 ஹெச்32’ என்று வரிவரியாக அச்சு. முன்னால் இருப்பது அலுமினியக் கலவையின் வகை எண், பின்னால் இருப்பது அதன் விறைப்பு நிலையின் குறி. மற்றதில் ‘61-டி6’ என்று வால் மட்டும். தலை வெட்டுப்பட்டுப் போயிருந்தது, 6061 டி6 என்று எடுத்துக்கொண்டேன். கிலோ விலை இரண்டுக்கும் ஒன்றே. “ரெண்டும் அலுமினியம்தானே மக்களே, எது எடுத்தா என்ன?” என்றார் கடைக்காரர். வகைக்கொன்று எடுத்தோம். 8-க்கு 4 அடித் தகடு ஒன்று ஏறக்குறைய 16 கிலோ. எடையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காந்தமும் இரண்டிலும் ஒட்டாது.

காகிதத்தில் பார்த்தால் 6061-தான் பெரியவன். மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த கலவை. சூடாக்கி, நீரில் குளிர்வித்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து முறுக்கேற்றியதைத்தான் ‘டி6’ என்கிறார்கள். அதன் இழுவிசைத் தாங்குதிறன் சுமார் 310 மெகாபாஸ்கல். 5052-இல் மக்னீசியம் இரண்டரை விழுக்காடு அளவில், கூடவே துளி குரோமியம். அதைச் சூடாக்கி முறுக்கேற்ற முடியாது, உருளையில் அழுத்தி உருட்டித்தான் விறைப்பு வரவேண்டும். ஹெச்32 நிலையில் சுமார் 230. நானும் எண்ணைப் பார்த்து 6061-ஐத்தான் முதலில் தகடு மடிக்கும் மெஷினில் ஏற்றினேன்.

மடிப்பில்தான் கதை மாறியது. என் மெஷினின் அச்சு கூரானது. அதில் மூலை ‘சுருக்’கென்று வரும். தகடு எழுபது பாகை வரை வந்தது. அப்புறம் வெளிப்பக்கத்தில் நூல்போல ஒரு வெடிப்பு, கடைசியில் ‘டப்’பென்று ஒரு சத்தம். அரைத் தகடு பாழ். 6061 டி6-க்கு மூலையின் உள்வளைவு தகட்டுக் கனத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதாவது 2 மில்லி தகட்டுக்கு 6 மில்லி வளைவு. அதோடு அழுத்தத்தை எடுத்ததும் நன்றாகவே திரும்பி விரியும். தொண்ணூறு பாகை வேண்டுமென்றால் அதைத் தாண்டி அழுத்த வேண்டும், தாண்டி அழுத்தினால் வெடிக்கும். 5052 ஹெச்32-க்கு அதன் கனத்தளவு வளைவே போதும். அதே அச்சில், அதே கையில், நான்கு மூலையும் வெடிப்பில்லாமல் வந்தது.

இங்கே இன்னொன்று. தகட்டின்மேல் உருட்டிய தடம் மெல்லிய கோடுகளாக ஒரே திசையில் ஓடும். மடிப்பு அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டும்படி இருந்தால் தகடு தாங்கும். கோட்டின் போக்கிலேயே மடித்தால் சீக்கிரம் பிளக்கும். மரத்தில் நாரோட்டம் பார்க்கிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டாம். நான் அன்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த அச்சில் 6061 தப்பியிருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சூடு காட்டி இளக்கி மடிக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். மடிக்கும் இடத்தில் பார் சோப்பைத் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் காட்டி, சோப்பு கறுக்கும்போது தீயை விலக்குவது பழைய பட்டறைக் கைவேலை. ஆனால் இளகிய இடத்தில் டி6-இன் வலு போய்விடும். திரும்ப வேண்டுமானால் 530 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் முக்கி, பிறகு 160-175 பாகையில் பல மணி நேரம் வைக்க வேண்டும். என் பட்டறையில் அதற்கு உலை கிடையாது. மூலையில் வலுவைக் கொன்றுவிட்டு, பக்கத்தில் மட்டும் வலுவை வைத்துக்கொண்டு மீன்பெட்டிக்கு என்ன பயன்?

வெல்டிங்கிலும் இதே கணக்குத்தான். இரண்டையும் டிக் (TIG) வெல்டிங்கில் பற்றவைக்கலாம். 6061-இல் பற்றுக்கோட்டின் ஓரம் வலுவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். 5052-உம் ஓரத்தில் இளகும். ஆனால் அதற்கு இழக்க இருப்பதே குறைவு.

வகை எண் அச்சடிக்காத தகடு என்றால் என்ன செய்வது? விரலகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள், ஒன்று கோட்டின் போக்கில், ஒன்று குறுக்கே. வைஸில் கடித்து மடியுங்கள். குழைந்து படுத்தால் 1100-உம் 3003-உம் போன்ற பாத்திர வகை. விறைப்போடு வளைந்து வெடிக்காமல் நின்றால் பெரும்பாலும் 5052 குடும்பம். படக்கென்று முறிந்தால் 6061 டி6 அல்லது அதைவிடக் கடினமான விமான வகை.

அந்த விமான வகைதான் ஆபத்து. 2024-இல் செம்பு நான்கு விழுக்காட்டுக்கு மேல். உப்புக்காற்றில் சீக்கிரம் அரிக்கும், டிக்கில் வைத்தால் பற்று வெடிக்கும், சாப்பிடும் பொருளுக்கு ஆகவே ஆகாது. அதைப் பிடிக்கக் காஸ்டிக் சோடா போதும். திறந்தவெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு, பிளாஸ்டிக் கோப்பைத் தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும், நேர்மாறாகச் செய்யாதீர்கள். உரசிச் சுத்தம் செய்த இடத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சில நிமிடம் கழித்துக் கழுவினால் 5052 வெளுப்பாக இருக்கும், 6061 லேசாகச் சாம்பல் அடிக்கும், 2024 கரிபோலக் கறுக்கும். மேலே வெளுத்திருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம். 2024 தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியப் பூச்சு இருப்பதுண்டு. வெட்டு விளிம்பிலும் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் மட்டும் கறுப்புக் கோடு தெரியும்.

பழைய சரக்கில் ஹெச்இ20, ஹெச்இ30 என்று எழுதியிருந்தால் முறையே 6061, 6082. ஹெச்இ15 என்றால் 2014. அதுவும் செம்பு வகை, தொட வேண்டாம்.

விமான வகையில் இன்னொன்றான 7075 என் கைக்கு வந்ததே இல்லை. படகுக்காரர்கள் சொல்லும் 5083-ஐ ஒரே ஒருமுறை மடித்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் கட்டிய பெட்டிக்கும் ஒரு இடவப்பாதி மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது. தகட்டில் அரிப்பில்லை. கீல் பக்கம் மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அவர் பாதி வழியில் எங்கோ இரும்பு ஸ்க்ரூ வாங்கி முடுக்கியிருக்கிறார், அலுமினியத்தை இரும்பு தொட்டதன் வினை அது. அலுமினிய ரிவெட் அடித்து, நடுவில் ரப்பர் வைத்துக் கொடுத்தேன்.

மிஞ்சிய 6061-ஐ மடிக்காமல் அதே ஆட்டோவின் தளத்துக்குத் தட்டையாகப் போட்டேன். முழுக்கூடை மீனைத் தூக்கிப் போட்டாலும் அதில் பள்ளம் விழவில்லை.