புளூட் ஸ்டாப்பா, ட்ரம்பெட் ஸ்டாப்பா?

புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் அடிக்கடி வரும் சண்டை இது. இருப்பது என்னவோ மின்னணு ஆர்கன்தான். ஆனால் எந்த ரக ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ‘ஸ்டாப்’ பொத்தான்களின் பெயர்கள் நிஜக் குழாய் ஆர்கனிலிருந்து வந்தவை.

புளூட் குழாயில் அசையும் பாகமே கிடையாது. காலி சோடா பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள், அதே வேலைதான்: காற்று விளிம்பில் மோதி, உள்ளிருக்கும் காற்றை அதிர வைக்கிறது. மேல்சுரங்கள் (முதன்மைச் சுரத்தோடு மெலிதாகச் சேர்ந்து ஒலிக்கும் உயர் சுரங்கள்) குறைவு என்பதால் ஒலி உருண்டையாக, மெத்தென்று வரும். சில வகைகளில் மேல்முனையை அடைத்துவிடுவார்கள். அப்போது 8 அடிக் குழாயின் சுருதி 4 அடியிலேயே கிடைத்துவிடும். குகைக்குள் பாடுவது போல ஒரு குரல்.

ட்ரம்பெட் வேறு ரகம். அடியில் பித்தளை நாக்கு துடிக்கும், மேலே கூம்புக் குழாய். மேல்சுரங்கள் ஏராளம், நாதஸ்வரம் மாதிரி கணீரென்று இருக்கும். மே மாத வெக்கையில் புளூட்டின் சுருதி ஏறும், ட்ரம்பெட்டுடையது அவ்வளவாக ஏறாது. நிஜக் குழாய்களில் அது பெரிய தொல்லை. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நற்கருணைப் பாட்டுக்கு என் ஓட்டு புளூட்டுக்கே. ஈஸ்டருக்கு ட்ரம்பெட் சரி, அதுவும் கடைசிச் சரணத்துக்கு மட்டும். முதல் வரியிலேயே அதை அழுத்தினால் உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ அக்காக்கள் திரும்பி முறைப்பார்கள்.