கொலம்பைன் விதைக்குக் குளிர் காட்ட: ஃப்ரிட்ஜா, வெட்டவெளியா?

கொலம்பைன் (Aquilegia) என்ற பூச்செடியின் விதையில் பல வகைகள் ஈரத்தோடு சில வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம், இல்லையென்றால் இலையுதிர் காலத்தில் வெளியே விதைத்துவிட்டு மிச்சத்தைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். பேருக்கு மட்டும் குளிர்காலம் வரும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ்தான், வேறு பேச்சே இல்லை.

ஃப்ரிட்ஜில் பெரிய வசதி, எல்லாம் நம் கையில் இருக்கும் என்பது. எலி கிடையாது, மழை கிடையாது, 3 - 4 வாரம் கழித்து எடுத்தால் போதும் (ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்). ஆனால் ஈர டிஷ்யூ பேப்பரில் மடித்து வைக்கச் சொல்கிறார்களே, அதில்தான் நான் சூடுபட்டேன். தேதி எழுதாமல் மறந்துபோய் ஒரு நாள் பிரித்துப் பார்த்தால், நூல் மாதிரி வெள்ளை வேர்கள் காகிதத்துக்குள் ஊடுருவி நிற்கின்றன. இடுக்கியால் பிடித்து இழுக்க இழுக்கப் பாதி அறுந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு பிடி ஈர மணலில் கலந்து ஜிப் கவரில் போட்டுவிடுகிறேன், எடுத்ததும் மணலோடு சேர்த்துத் தூவிவிடலாம், ஒன்றொன்றாய்ப் பொறுக்க வேண்டியதில்லை.

வெளியே விதைப்பதில் நமக்கு வேலை குறைவு, நாற்றும் திடமாக வரும். ஆனால் நேராகத் தரையில் போட்டால் இழப்பு அதிகம். விதை 2 மி.மீ. அளவில் கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், மண்ணில் விழுந்ததும் எங்கே போனதென்றே தெரியாது, பலத்த மழை அடித்துக்கொண்டு போகும், தப்பி முளைத்ததைக் களை என்று நாமே பிடுங்கிவிடுவோம். கொத்தமல்லித் தழை போல மூன்று மடலாக இலை வந்தால் அதுதான் நம் செடி. நான் ஆழமான தொட்டியில் விதைத்து வலை போட்டு வெளியே வைக்கிறேன். ஆழம் எதற்கென்றால், இது ஆணிவேர்ச் செடி, வளர்ந்தபின் இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கும்.

எந்த வழியானாலும் விதையை மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூ பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான்.

ஏற்கெனவே செடி வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு. காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும், அந்தப் புது விதையை உடனே தூவினால் சாதாரணத் தோட்ட வகை பல சமயம் குளிரே கேட்காமல் முளைத்துவிடும். ஆனால் பக்கத்தில் வேறு வகை இருந்தால் தேனீக்கள் கலப்பு செய்துவிடும், தாய்ச்செடியின் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள்.

என் கணக்கு இதுதான்: பாக்கெட்டில் பத்துப் பதினைந்து விதைதான் இருக்கிறதென்றால் ஃப்ரிட்ஜ், கைநிறைய இருந்தால் வெளியே தொட்டியில். ஒரு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று தொட்டியை மட்டும் காலி செய்துவிடாதீர்கள், எனக்கு ஒரு தொட்டி அடுத்த வசந்தத்தில்தான் வாய் திறந்தது.