டிராவலரா, ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பரா? கப்பல் கணக்கைப் பாருங்கள்

டிராவலரும் ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பரும் மேசையில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விண்வெளி ஆர்பிஜிகள். இப்படி ஆட விதிநூல் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது துப்பாக்கிப் பட்டியலைத்தான். நான் முதலில் பார்ப்பது கப்பல் கணக்கை. மாதக்கணக்கில் ஓடும் தொடருக்கு என் ஓட்டு டிராவலருக்கு. காரணம், கப்பல் கடன்.

டிராவலரின் 1981 பதிப்பின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 200 டன் ஃப்ரீ டிரேடர் என்ற சிறு வணிகக் கப்பலின் விலை 3.708 கோடி கிரெடிட் (ஆட்டத்தின் நாணயம்). முன்பணம் 20 சதவீதம். பிறகு விலையில் 240இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500, மாதாமாதம் 480 தவணை. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஜம்ப்புக்கு ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் போக, மாதம் இரண்டு நடைதான் அடிக்க முடியும். 82 டன் சரக்கறை நிரம்பினாலும், டன்னுக்கு 1,000 வாடகையில், இரண்டு நடைக்கு வருவது 1,64,000. சுத்திகரித்த எரிபொருள் டன் 500. ஜம்ப்புக்கு மட்டும் 20 டன் வீதம், இரண்டு நடைக்கு 20,000 போய்விடும். தவணையைக் கட்டினால் இங்கேயே 10,500 துண்டு விழுகிறது. மாலுமிச் சம்பளத்தை இன்னும் எண்ணவே இல்லை.

ஆகவே பயணிகளை ஏற்ற வேண்டும், சொந்தக் காசில் சரக்கு வாங்கி விற்க வேண்டும், அல்லது உள்ளே என்ன என்று கேட்காமல் ஒரு பெட்டியை ஏற்ற வேண்டும். சுத்திகரிக்காத எரிபொருள் டன் 100தான். ஆனால் ஜம்ப் தடம் மாறலாம். கதையை ரெஃப்ரி (ஆட்டத்தை நடத்துபவர்) தள்ள வேண்டியதில்லை, தவணையே தள்ளும்.

கெட்டுப்போகும் இடமும் இதே கணக்குதான். பேரம் பேசும் புரோக்கர் திறன் கூடிய ஒருவர் குழுவில் இருந்தால், சில நடையிலேயே லாபம் கொட்டி, கடன் பயம் போய்விடும். ஒரு உலகத்தில் வாங்கி விற்க ஒரு லாட் சரக்குதான் கிடைக்கும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைப்பது நல்லது. கணக்குப் புத்தகத்தை ரெஃப்ரி சுமக்க வேண்டாம், ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ஸ் வித்தவுட் நம்பரில் அவ்வப்போது கப்பல் விலையில் 5 சதவீதம் பராமரிப்பு. நெருக்கல் அவ்வளவாக இல்லை. திறன் சோதனைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சண்டைக்கு இருபதுமுகப் பகடை, லெவல், ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் எண்) எல்லாம் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்கு அரை மணியில் பிடிபடும். இலவசப் பதிப்பும் இருக்கிறது. டிராவலரில் லெவலே கிடையாது, அடி நேராக வலிமை போன்ற உடல் எண்களைக் குறைக்கும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் முதல் துப்பாக்கிச் சண்டையில் முகம் சுருங்கும்.

உலகம் உருவாக்குவதில் மட்டும் ஸ்டார்ஸ் முந்துகிறது. ஒவ்வொரு உலகத்துக்கும் இரண்டு டேக், அதாவது அதன் தன்மையைச் சொல்லும் குறிப்பு, பகடையில் விழும். அதிலேயே பகைவர், நண்பர், சிக்கல், இடம் எல்லாம் வந்துவிடும். அதன் விண்மீன் வரைபடமான செக்டரும் டிராவலரின் சப்செக்டரும் 8க்கு 10 அறுகோணக் கட்டம்தான். டேக்கை அங்கே உருட்டி, டிராவலர் வரைபடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரே இரவில் ஆடி முடிக்க வேண்டுமானால் இரண்டும் வேண்டாம், மதர்ஷிப் என்ற விண்வெளித் திகில் ஆர்பிஜி போதும். சோதனையில் தோற்கத் தோற்க ஸ்ட்ரெஸ் என்ற மன அழுத்த எண் ஏறும். பீதிச் சோதனையில் இருபதுமுகப் பகடை அதைத் தாண்டாவிட்டால் ஆள் நிலைகுலைவார். நீண்ட தொடருக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.