இரும்புக் குளிசையா, நாளத்தில் ஏற்றும் இரும்பா?

மாமிக்குக் கர்ப்பப்பைக் கட்டி எடுக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டாம் என்பது அவரது முடிவு. ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8தான். பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஆபரேஷனுக்கு முன்னால் அதை இரும்பு கொடுத்து ஏற்ற வேண்டும். குளிசையா, நாளமா? கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஒரு கிழமையாக இதே பேச்சு.

காலம்:
குளிசை – ஆறு முதல் எட்டுக் கிழமை, சிலருக்கு இன்னும் கூட.
நாளம் – இரண்டு மூன்று கிழமையில் ஏற்றம் தெரியும்.

செலவு:
குளிசை – கிளினிக்கில் இலவசம்.
நாளம் – வெளியே வாங்கினால் கையைக் கடிக்கும்.

பாடு:
குளிசை – மலச்சிக்கல், வயிற்றுப் பிரட்டல். மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாமி பிளேன்டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு, வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது. ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தால் இன்னும் நன்றாகச் சேரும் என்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.
நாளம் – பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வமாக ஒவ்வாமை வரும் என்பதால் ஏற்றிய பிறகு அரை மணி நேரம் இருத்திப் பார்ப்பார்கள்.

இரண்டுக்கும் முன்னால் மாதப்போக்கை மருந்தால் குறைக்க வேண்டும். மதகைத் திறந்து வைத்துக்கொண்டு இரணைமடுக் குளத்தை நிரப்ப முடியுமா?

ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, வயிறும் தாங்குகிறது என்றால் குளிசை போதும். நாள் நெருங்கிவிட்டது அல்லது குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளம்தான். மாமிக்கு ஐந்து கிழமைதான் இருக்கிறது. வியாழக்கிழமை முதல் போத்தல்.